நவாராவின் மெழுகுத்திரி

எகிப்தின் மஹல்லா நகரத்து மாலை வெயில் கூடத்தில் விழுகிறது. இன்சாஃபின் ஓரகத்திக்குப் பிறந்து ஏழு நாளான பெண்குழந்தை, பெயர்சூட்டும் சடங்குக்காகக் கோதுமைச் சல்லடையில் கிடக்கிறது. தலைமாட்டில் மூன்று மெழுகுத்திரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கடைசிவரை எரியும் திரியின் பெயரே குழந்தைக்கு. இருவருக்கும் நாத்தனாரான தஃபீதா, சடங்குப்படி குழந்தையின் காதருகே பித்தளை உரலை ஓசையெழ இடிக்கிறாள். "அம்மா சொல்றத கேளு, அப்பன் சொல்றத கேக்காத!" பெண்கள் சிரிக்கிறார்கள். குழந்தை வீரிடுகிறது. சுவரோரம் உட்கார்ந்திருக்கும் இன்சாஃபுக்குப் பால் சுரந்து, மார்பில் வைத்த துணி நனைகிறது. நான்கு மாதக் கருவை அவள் கலைத்து ஐந்து நாளாகிறது. கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. "வெறும் ரத்தக்கட்டிதான்," என்றிருந்தான் அவன். உடம்பு அதை நம்பவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்துகிறாள். எழுந்து போக வழியில்லை; வாசல்வரை பெண்கள். முன்பு திரி ஏற்றுகையில் அவளிடமும் ஒரு பெயர் கேட்டபோது, வயிற்றிலிருந்தவளை இரகசியமாய்க் கூப்பிட்ட பெயர் வாய்தவறி வந்துவிட்டது: நவாரா. மற்ற இரண்டு திரிகளும் இப்போது அணைந்துவிட்டன. "உன் திரிதான்டி ஜெயிச்சுது! நீயே முதல்ல பேர் சொல்லிக் கூப்பிடு," என்று தஃபீதா குழந்தையை அவள் மடியில் வைக்கிறாள். எல்லோரும் காத்திருக்கிறார்கள். குழந்தை வாயைத் திறந்து, அவள் சால்வைக்குள் தேடுகிறது.