அமுதவல்லி உங்கள் குடும்பத்தில் ஒருவர்

மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் பருப்பு.

காலண்டர் முருகன் முகத்தில் பருப்பு. மயிலும் தப்பவில்லை.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். கூரையில் ஒரு குழி. ஆனைக்குட்டி தலையால் முட்டியது போல.

சத்தியமங்கலத்திலிருந்து துளசிமணி என்பவர் எழுதியிருந்தார்: "அமுதவல்லி குக்கர் வாங்கி ரெண்டு மாசம். நேத்து வெடிச்சிருச்சு."

அடுத்த படத்தில் ஒரு கை. முழங்கையிலிருந்து விரல் வரை கட்டு.

அதை அவள் பெரிதாக்கவில்லை.

கீழே கம்பெனியின் பதில். எந்த மனிதரும் எழுதாதது. குக்கரின் பெயரை எவர் சொன்னாலும் தானாகப் போய் விழுவது.

"உங்கள் அன்புக்கு நன்றி! அமுதவல்லி, உங்கள் குடும்பத்தில் ஒருவர்."

பக்கத்தில் மூன்று இதயங்கள்.

தமிழ்நாடே திரண்டு வந்து அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"குடும்பத்துல ஒருத்தின்னா ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வரச் சொல்லு."

"எங்க வீட்டு அமுதவல்லி கூரையப் பிச்சுக்கிட்டு மாடி வீட்டுக்கே குடி போயிட்டா."

இதையெல்லாம் படிப்பதுதான் அவள் வேலை. கோயம்புத்தூரில், கம்பெனி ஆபீஸின் மூன்றாவது மாடியில், ஒன்பதிலிருந்து ஆறு வரை. புகழ்ந்தால் பச்சை. சந்தேகம் கேட்டால் மஞ்சள். திட்டினால் சிவப்பு.

மேனேஜர் சீதாபதிக்குச் சிவப்பு ஆகாது. அவர் போடும் கூச்சலில், தொட்டி நிரம்பி வழிகிறதென்று யாரோ கத்துவதாக நினைத்து வாட்ச்மேன் மோட்டாரை நிறுத்துவார்.

அவரே ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். இனி ஆபீஸில் யாரும் 'வெடித்தது' என்று எழுதக் கூடாது. 'மூடி தொடர்பான ஐயம்' என்று எழுத வேண்டும்.

ஐயம் என்றால் மஞ்சள்.

மூன்று மாதத்தில் ஒன்பது ஐயங்கள்.

ஒன்பது பேருக்கும் அவள்தான் போன் செய்தாள். மூடியின் அடியில் பொறித்திருக்கும் எண்ணை ஒன்பது பேரிடமும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

3107. ஒன்பதும் அதே எண். ஒரே நாளில் செய்த மூடிகள். அன்றைக்கு இரண்டாயிரம் செய்திருந்தார்கள்.

மாத அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி சீதாபதியிடம் கொடுத்தாள்.

அறிக்கை திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தைக் காணோம்.

இப்போது சீதாபதி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"மத்தியானத்துக்குள்ள அந்தம்மா இதை அழிச்சாகணும். புதுக் குக்கர் அனுப்பறோம்னு சொல்லு. பெரிய சைஸு."

"சார், அவங்க கை..."

"இன்னொரு கை நல்லாத்தான இருக்கு? அதுல அழிக்கச் சொல்லு."

அவளுக்குக் கன்னம் சுட்டது. காது சுட்டது. அந்த நேரம் ஒரு பாத்திரத்தில் அரிசியைக் களைந்து அவள் தலையில் வைத்திருந்தால் சோறு வெந்திருக்கும்.

போனை எடுத்தாள்.

துளசிமணி முதல் மணியிலேயே எடுத்தார். கம்பெனியைத் திட்டினார். முதலாளியைத் திட்டினார். முதலாளியின் ஏழு தலைமுறையைத் திட்டினார். விளம்பரத்தில் குக்கரைக் கட்டிக்கொண்டு சிரித்த நடிகையைத் திட்டினார். சத்தியமங்கலத்துக் காட்டு யானைகளெல்லாம் அன்றைக்குக் கர்நாடகாவுக்கே போயிருக்கும்.

பிறகு மூச்சு வாங்கியது.

"நீ எதுக்கு அம்மிணி கூப்பிட்ட? அழிக்கச் சொல்றதுக்கா?"

சீதாபதி நாற்காலியைத் தட்டினார்.

"இல்லைங்க்கா. அந்த மூடி எங்க இருக்கு?"

"மேல முட்டிட்டு, சன்னல் வழியாப் போயி, வாழைக்கு அடியில கெடக்குது. தொடவே பயமா இருக்குது."

"யாரையாச்சும் விட்டுத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. அடியில நாலு நம்பர் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அங்கயே போடுங்க. எல்லாரையும் அவங்கவங்க மூடியத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. இதே நம்பரா இருந்தா அடுப்புல வைக்க வேண்டாம்னு..."

சீதாபதியின் கை நீண்டு வந்து இணைப்பைத் துண்டித்தது.

அவர் கத்தவில்லை. அதுதான் அதிசயம்.

"நாளைக்கு நீ வர வேண்டாம்."

"சரிங்க சார்," என்றாள். "இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் வேலை இருக்கு."

திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நிமிடம் ஒன்றும் இல்லை.

பிறகு துளசிமணியின் மூடி வந்தது. மண் ஒட்டியிருந்தது. எண் தெளிவாகத் தெரிந்தது. 3107.

திண்டிவனத்திலிருந்து ஒரு மூடி. வேறு எண்.

கரூரிலிருந்து ஒன்று. 3107.

தேனியிலிருந்து ஒன்று. புத்தம்புதிது, விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை. 3107.

அவள் ஒவ்வொன்றாகச் சிவப்பில் போட்டாள். பின்னால் சீதாபதியின் மூச்சு கேட்டது. அவர் போகவில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கூடலூர்ப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றிலிருந்து ஒரு படம். யாரோ அவசரத்தில் எடுத்தது, பாதி மங்கல்.

ஈரம் சொட்டச் சொட்டத் திருப்பிப் பிடித்த மூடி. 3107.

அணைத்த அடுப்பு.

பின்னால், சுவரோரம், இருபது சின்னத் தட்டுகள்.