மேஜரின் மீசை

விஸ்வநாதன் மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கி, மேலுதட்டைப் பரபரவென்று சொறிந்துகொண்டார். அந்த இடம் சிவந்து தடித்திருந்தது.

"அலர்ஜியா அங்கிள்?" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த ரோஹிணி.

"டில்லிப் புகை. வேற என்ன?" மாஸ்க்கை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டார்.

நவம்பர் மாதம். ஆர்.கே.புரத்தின் அந்த அரங்கில் பாதிப் பேர் மாஸ்க்கும் மப்ளருமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையில் தமிழ் நாடகம். அரை மணி தாமதமாகத் தொடங்கி, தொடங்கிய நிமிஷத்திலிருந்து நொண்டிக்கொண்டிருந்தது. கதாநாயகன் ஒரு ரிட்டயர்ட் மேஜர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முறுக்கு மீசை எல்லாம் இருந்தன, வசனம்தான் இல்லை. மனைவியிடம் சொல்ல வேண்டியதை வேலைக்காரனிடம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்கேர்ந்து பிடிச்சுட்டு வந்தாங்க இந்த ஜந்துவை?" என்றார் விஸ்வநாதன்.

அவர் ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கமா இடம் மாறியிருந்தால்கூட ஃபைலைத் திருப்பியனுப்புகிற பிறவி. தன் கையிலிருந்து ஒரு தப்பான காகிதம் வெளியே போனதில்லை என்று பீற்றிக்கொள்வார். எந்தக் காகிதமுமே லேசில் வெளியே போனதில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க அங்கிள். மேஜருக்கு மனைவியா நடிக்கிறது எங்கம்மா."

ரோஹிணி சீட்டின் நுனிக்கு நகர்ந்தாள். அம்மா வசுமதி மாதக்கணக்காகச் சமையலறையில் வசனம் பேசிப் பேசியே பாதி நாள் குழம்பைத் தீய்த்தவள். போன வருஷம் இந்தக் குழுவின் நாடகம் பாதியில் நின்றுபோனது. இன்றைக்கும் சொதப்பினால் இனி மேடையே கிடையாது என்று விழாக் கமிட்டி கறாராகச் சொல்லியிருந்தது. அதைக் கேட்டுத்தான் ரோஹிணி குர்கான் ஆபீசிலிருந்து மெட்ரோ பிடித்து நேராக ஓடிவந்திருந்தாள்.

"உங்கம்மா தேவலை. இவன்தான் தண்டம். உள்ளேர்ந்து வசனம் எடுத்துக் கொடுக்க பிராம்ப்டர்னு ஒருத்தன் இருப்பானே, அவன் எங்க போய்த் தொலைஞ்சான்?"

திட்டுவதற்கென்றே டிக்கெட் வாங்குகிற ரகம் எல்லா ஊர் விழாவிலும் உண்டு. ரோஹிணி அவரை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு மேடையைப் பார்த்தாள்.

அப்போது மேஜரின் மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அடுத்த வசனத்தில் முழுசாகக் கீழே விழுந்தது.

"ஒழிஞ்சது," என்றார் விஸ்வநாதன். குரலில் அப்படி ஒரு திருப்தி.

மேஜர் நிதானமாகக் குனிந்து மீசையை எடுத்தார். தூசி தட்டினார். "பார்த்தியா மரகதம்? எனக்கு முன்னாடியே என் மீசை வாலண்டரி ரிட்டயர்மென்ட் வாங்கியிருக்கணும். லேட்டாத்தான் ஆர்டர் வந்திருக்கு," என்று மனைவியிடம் சொல்லி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அரங்கில் முக்கால்வாசிப் பேர் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அரே வாஹ்!" என்று யாரோ கத்தினார்கள்.

"வெட்கங்கெட்டவன். நாலு பேர் சிரிப்பாங்களேன்னு ஒரு பயம் வேணாம்? நூத்துக்கு நூறு வரலைன்னா மேடையே ஏறக் கூடாது. நானா இருந்தா ஏற மாட்டேன்."

"பிடிக்கலைன்னா எழுந்து போங்களேன் அங்கிள்! யார் உங்களைக் கட்டி வச்சிருக்காங்க?"

அவர் போகவில்லை. கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய சீட்டில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. கோபித்துக்கொண்ட மனைவி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். மேஜர் நீளமாகப் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டும். நாடகமே அந்தப் பேச்சில்தான் நிற்கிறது.

மேஜர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை.

முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோஹிணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"முடிஞ்சுது கதை," என்றார் விஸ்வநாதன்.

மேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "என்னென்னவோ சொல்லணும்னு இருந்தேன் மரகதம். ஒண்ணும் வாயில வரலை. எனக்கு அழகாப் பேசத் தெரியாது. ஆனா நீ போகாத."

வசுமதி பெட்டியைக் கீழே வைத்தாள். அழத் தேவையில்லாத இடத்தில் நிஜமாகவே அழுதாள். பிறகு கைதட்டல் எழுந்தது, கமிட்டிக்காரர்களும் எழுந்து நின்றார்கள். ரோஹிணி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

"இதுல ஒரு வரிகூட ஸ்கிரிப்ட்ல கிடையாது!" விஸ்வநாதனின் குரல் கீச்சிட்டது. "எவ்வளவு பெரிய வசனம்! அத்தனையும் போச்சு! அந்த பிராம்ப்டர் பய என்னதான் பண்ணிட்டிருக்கான்?"

பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளில் விழுந்தது. தாமதத்துக்காக ஆரம்பத்தில் மைக் பிடித்து மன்னிப்புக் கேட்ட டைரக்டர் சந்திரமௌலி. அவர் விஸ்வநாதனின் மாஸ்க்கை ஒரு விரலால் இறக்கி, சிவந்து கிடந்த மேலுதட்டைப் பார்த்தார்.

"பிராம்ப்டர்தான் சார், நீங்க மேக்கப் ரூம்ல பிய்ச்சுப் போட்டுட்டு ஓடின மீசையோட மேடையில நிக்கிறான்."