கேன்டீனில் ஜாம்பி

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில், ஷிஃப்ட் முடித்தவர்களுக்கு இன்னும் ரிலீஸ் ஆகாத ஒரு ஜாம்பி காமெடிப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். டைரக்டர் வசந்தகுமாரும் தயாரிப்பாளர் திலகவதியும் மூடிய கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு ஆளாச்சும் பயந்து கத்தணும் தம்பி. இல்லாங்காட்டி படம் ரிலீஸ் ஆவாது.”

“பாதி சிரிப்பு, பாதி பயம் மேடம். தராசுல நிறுத்து வெச்சிருக்கேன்.”

ஜாம்பி உறுமியது. உள்ளே கொல்லென்று சிரித்தார்கள். காமெடியன் பேசினார். யாரோ இருமினார்கள். பிறகு சத்தமே இல்லை. வசந்தகுமார் கதவில் காதை வைத்தார்.

திடீரென்று, “ஐயோ” என்று கேன்டீனே அலறியது.

“கேட்டீங்களா மேடம்? சிரிக்க வெச்சு, அமைதியாக்கி, அப்புறம் அடிக்கணும். உலக சினிமாவே இந்த பேலன்ஸத்தான் தேடிக்கினு கீது.”

படத்தை ஓட்டிக்கொண்டிருந்த தணிகைவேல் கதவைத் திறந்து வந்தார்.

“எந்த சீனுக்குண்ணா கத்துனாங்க?” என்றார் வசந்தகுமார்.

“சீனா? படத்த நிறுத்தியாச்சு சார். எச்.ஆர். மேனேஜர் கிச்சன் வழியா வந்து, ஞாயித்துக்கிழமையும் எல்லாரும் வேலைக்கு வரணும்னு சொல்லிட்டுப் போறாரு.”

திலகவதி யோசித்தார்.

“அவரு கால்ஷீட் குடுப்பாரான்னு கேளு தம்பி.”