கொடுத்தவன் பேர்

“இந்த வியாதிய உனக்கு எவன்டி குடுத்தான்? பேரச் சொல்லு.”

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற டவுன் பஸ்ஸில், கடைசி சீட்டில், பச்சையம்மாள் மருமகளின் காதுக்குள் இதை நாலாவது தடவையாகக் கேட்டாள். மலர்விழி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். மறியலில் வெட்டிப் போட்ட புளியமரங்கள் இன்னும் ரோட்டோரம் கிடந்தன. அதில் ரெண்டு அவள் புருஷன் சின்னதுரை வெட்டியது என்று கேஸ்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவன் கடலூர் ஜெயிலுக்குப் போய் நாற்பத்திரண்டு நாள். அவளுக்குக் கீழே அரிப்பு ஆரம்பித்துப் பதினைந்து நாள். இந்த ரெண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாமியார் பேசுகிறாள்.

“உங்க பக்கத்துலதான அத்தே படுத்துக்கினு கெடக்கறேன். எவன் வருவான்?”

“அதான் எனக்கும் புரியல. நான் தூங்கினப்புறம் எழுந்து போனியோ இன்னாவோ, யார் கண்டது?”

மலர்விழிக்கு ஒன்றுக்குப் போனால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிச்சல். பாவாடையில் திரிந்த பால் போல வெள்ளை. பஸ்ஸில் இத்தனை பேர் நடுவே சொறியவும் முடியாமல், அழவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பச்சையம்மாளின் சுருக்குப் பையில் ஓர் இன்லண்ட் லெட்டர் இருந்தது. ஜெயிலில் இருக்கும் மகனுக்குத் தன் மூன்றாங்கிளாஸ் எழுத்தில் அவளே எழுதியது. எல்லாம் எழுதியாகிவிட்டது, அந்த எவனோ ஒருத்தன் பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

“டாக்டரம்மா ஒரு வார்த்த சொல்லட்டும், பேரு தானா வெளிய வரும். எழுதி பெட்டில போட்டுட்டு, உன்ன சின்னசேலம் பஸ் ஏத்தி உங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்றேன். அப்புறம் நீ யாரோ, நாங்க யாரோ.”

“அவருக்கு எழுதாதீங்க அத்தே. உள்ள இருக்கறவரு, தாங்க மாட்டாரு.”

“வாயத் தொற.”

மலர்விழி வாயைத் திறந்தாள். பச்சையம்மாள் கறுப்பும் சிவப்புமாக ஒரு மாத்திரையை உள்ளே போட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். “முழுங்கு. நீ எப்படிப்பட்டவளா இருந்தாலும் கால் போய்டக் கூடாது.”

போலீஸ் வேன் ஊருக்குள் வந்த அன்று எல்லாரும் கரும்புக் கொல்லைக்குள் ஓடினார்கள். வெட்டின கரும்புக் கட்டை மலர்விழியின் பாதத்தில் ஏறிவிட்டது. அவளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தவளே மாமியார்தான். புண் மூடிவிட்டது, பச்சையம்மாளுக்குப் பயம்தான் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மலர்விழியைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தாள். மூத்திரத்தைச் சோதித்தாள். கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவதற்குள் பச்சையம்மாள் கிட்டே போய்விட்டாள்.

“எவன்னு தெரிஞ்சுதுங்களா டாக்டரம்மா?”

“எவனா? என்னம்மா பேசற நீ?” டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இதுக்கு ஆம்பளையே வேணாம். இது காளான்.”

“மழையில குப்ப மேட்டுல மொளைக்குமே, அதுங்களா?”

“அந்த மாதிரிதான், ஆனா கண்ணுக்குத் தெரியாது. எல்லாப் பொம்பளைங்க உடம்புலயும் இது கொஞ்சம் இருக்கும். இத அடக்கி வெக்க நல்ல கிருமியும் கூடவே இருக்கும். நல்லது செத்துட்டா இது பெருகிடும். சக்கர வியாதிக்காரங்களுக்கு வரும், புள்ளத்தாச்சிக்கு வரும். இவளுக்கு அது ரெண்டும் இல்ல.”

மலர்விழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினைந்து நாளில் முதல் தடவையாக ஒரு மனுஷி அவள் பக்கம் பேசியிருக்கிறாள்.

“அழாதம்மா, இது நல்லா ஆகிடும். ஆறு மாத்திர எழுதறேன். வாயில போட்டு முழுங்கிடாத. ராத்திரி படுக்கறப்ப ஒண்ணு, கீழ உள்ள தள்ளி வெச்சுக்கணும். சோப்பு போடாத. ஈரத் துணியோட இருக்காத, பாவாடைய வெயில்ல நல்லா காயப் போடு.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நடுவில் நின்றது. “ஆமா, வேற ஏதாவது மாத்திர சாப்ட்டுக்கினு இருக்கியா?”

“கால் புண்ணுக்குங்க. கறுப்பு செவப்பு மாத்திர” என்றாள் மலர்விழி.

“எத்தினி நாளா?”

“நாப்பது நாளுங்க. ஒரு வேளை தப்பாம.”

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் போட்டாள். “அடிப்பாவி! அஞ்சு நாள் சாப்பிடற மாத்திரைய நாப்பது நாளா? நல்ல கிருமிய எல்லாம் அதான் கொன்னுடுச்சு. அந்த மாத்திரதான் உனக்கு இந்த வியாதியக் குடுத்திருக்கு. அத யாரு உனக்குக் குடுத்தது?”

மலர்விழி தலையைக் குனிந்துகொண்டாள்.

“கேக்கறேன் இல்ல? பேரச் சொல்லும்மா.”

பக்கத்தில் பச்சையம்மாள் சுருக்குப் பையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓர் அடி முன்னால் வந்தாள்.

“நான்தாங்க குடுத்தேன்.”