இடைவேளைக்காரன்

இருநூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முன் வரிசையில் ஒரு பெண்மணிக்குக் கண்ணாடியே கழன்று மடியில் விழுந்தது. சிரிக்காத ஒரே ஆள் ரஸ் டெலவன். பர்பேங்க் ஸ்டூடியோவில் வெள்ளிதோறும் எடுக்கும் அந்த நகைச்சுவைத் தொடரின் கதாநாயகன் அவன்தான்.

சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது ஆர்ட்டி கெஸல். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே செட் மாற்றும் நேரத்தில், படப்பிடிப்பு பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்விடாமல் பேச்சுக் கொடுத்து, மிட்டாய் வீசி உட்கார வைப்பது அவன் வேலை. அவன் முகம் எந்த டி.வி.யிலும் வராது.

"பாத்தியா நோரீன்? எனக்கு வரவேண்டிய சிரிப்பை எல்லாம் இவன் காலி பண்ணிடறான்! நான் வந்து நிக்கும்போது ஜனம் வாய் வலிச்சுப்போய் உக்காந்திருக்கு," என்று தயாரிப்பாளரிடம் சீறினான் ரஸ். நோரீன் அந்த வருஷம்தான் தொடருக்கு வந்தவள். பாவம், ரஸ் தும்மினாலே பயப்படுவாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் நெஸ்டர் மீதும் பாய்ந்தான் ரஸ். "நீ என்னய்யா, பிரேக்லகூட ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு இளிக்கிற? போய் காபி குடி."

"பிரேக்லதான் சார் எனக்கு வேலையே," என்றான் நெஸ்டர், பதிவுக் கருவியை நிறுத்தாமலே. சுற்றி இருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

மிட்டாய்ப் பையோடு ஆர்ட்டி வந்தான். "என்னடா ரஸ், பஞ்சாயத்தா?"

"டா போடாதே. கிளீவ்லாந்துல ஒரே காமெடி கிளப்புல, ஒரே நாள்லதான் ரெண்டு பேரும் மைக்கைப் பிடிச்சோம். பத்தொன்பது வருஷம் ஆச்சு. எனக்கு நாலு தொடர், ரெண்டு விருது, சன்செட் ரோட்டுல நாலு மாடி உயரத்துக்கு பேனர். உனக்கு என்ன இருக்கு? மிட்டாய்ப் பை!"

"பேனர்ல உன் பல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைப் பாத்து எவனும் சிரிக்கலையே!"

"சிரிக்கலையா? டி.வி.யைப் போட்டுப் பாரு. டப்பாவுல அடைச்ச சிரிப்பை எடுத்து ஒட்டுற தொடர் இல்ல இது. அன்னிக்கு இங்க உக்காந்திருந்த ஜனம் சிரிச்ச சிரிப்புதான் வருது!"

நெஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "உன்னைக் கேக்கல," என்று ரஸ் அடக்கிவிட்டான்.

"அப்புறம் எதுக்குடா என்னைப் பாத்து எரியற? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான் ஆர்ட்டி.

ரஸ்ஸின் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது. "நோரீன், அடுத்த வெள்ளிக்கிழமை எடுக்கறதைப் பாத்துத்தான் இன்னொரு சீசன் உண்டா இல்லையான்னு சேனல்காரங்க சொல்லப்போறாங்க. அன்னிக்கு இவன் இங்க இருந்தா நான் இருக்க மாட்டேன். இப்பவே முடிவு சொல்லு."

நோரீன் தரையைப் பார்த்துக்கொண்டே, "மன்னிச்சுக்கங்க ஆர்ட்டி," என்றாள்.

ஆர்ட்டிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. மிட்டாய்ப் பையை ரஸ்ஸின் நெஞ்சில் வீசி, "இந்தா, இனிமே நீயே கொடு. அப்பவாவது ஒண்ணு ரெண்டு பேர் சிரிக்கிறாங்களான்னு பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இடைவேளைகளில் பாட்டுப் போட்டார்கள். ரஸ் உயிரைக் கொடுத்து நடித்தான். கைதட்டச் சொல்லும் விளக்கு எரிந்தபோதெல்லாம் ஜனங்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். சிரிப்பு கொஞ்சம் கம்மிதான், நெஸ்டர் எப்போதும் போலச் சத்தத்தை ஏற்றிவிடுவான் என்று ரஸ் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை, படத்தோடு ஒலியைச் சேர்க்கும் மிக்ஸிங் அறையில் சேனல்காரர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. திரையில் ரஸ் தன் முதல் ஜோக்கைச் சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று புருவத்தைத் தூக்கிக் காத்து நின்றான். யாரோ இருமியது மட்டும் கேட்டது.

இரண்டாவது ஜோக்குக்கு அந்த இருமலும் இல்லை. சேனல்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் ஃபைலை மூடினார்.

ரஸ் துள்ளி எழுந்தான். "யோவ் நெஸ்டர்! சிரிப்பு எங்கய்யா? ஒவ்வொரு வாரமும் என் ஜோக்குக்குப் போடுவியே, அந்தச் சிரிப்பைப் போடு!"

நெஸ்டர் நிதானமாக ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"அதைத்தான் பத்து நாளைக்கு முன்னாடி நீங்களே வேலையை விட்டு அனுப்பிட்டீங்களே, சார்."