பல்லி மேல் பழி

மறுபடியும் அலறியது.

கீரைக்கட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவள் வாசற்படியில் நின்றுவிட்டாள். கீரைக்காரி காதைப் பொத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

முதல் தடவை இந்தத் திருட்டு அலாரம் கத்தியபோது தெருவே திரண்டு வந்தது. எதிர்வீட்டு வளர்மதி விளக்குமாற்றோடு வந்தாள். நகர் நலச்சங்கச் செயலாளர் உலகநாதன் கிரிக்கெட் மட்டையோடு வந்தார். திருடனைத் தேடுகிற சாக்கில் பீரோ எந்தக் கம்பெனி என்பது வரை பார்த்துவிட்டு, பல்லி ஓடியதில் கத்தியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது யாரும் வருவதில்லை.

"இன்னைக்கும் பல்லிதானா?" என்று மாடியிலிருந்து வளர்மதி ஒரு குரல் கொடுப்பாள். அதோடு சரி.

அலாரத்தை மாட்டியது இவள் புருஷன். மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் வந்தவன், ஆள் வைத்து மாட்டிவிட்டுத் திரும்பிப் போனான். பெண்டாட்டி மேல் எவ்வளவு அக்கறை என்று தெரு மெச்சியது.

அந்த அக்கறை பகலில்தான் கத்தியது.

அடுப்படியில் இருக்கிறவரை கம்மென்று கிடக்கும். கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனால் போச்சு.

பல்லியை விரட்டினாள். ஜன்னல் திரையைக் கழற்றினாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வெந்து கிடந்தாள். காற்றில் ஆடுகிறதோ என்று திருஷ்டி பொம்மையைக்கூட அவிழ்த்தாள். அதற்கு மாமியார் போனில் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

அதுபாட்டுக்குக் கத்தியது.

கத்தி ஓய்வதற்குள் மஸ்கட்டிலிருந்து போன் வந்துவிடும்.

"யாரு?"

"யாருமில்லீங்க. கீரை வாங்கினேன்."

"கீரை வாங்க இவ்ளோ நேரமா?"

"இந்த மெஷின்ல ஏதோ கோளாறுங்க."

"மெஷின்லாம் சரியாத்தான் இருக்கு."

தையல் வகுப்பு நின்றது. தங்கை வீட்டுக்குப் போவது நின்றது. ஒவ்வொரு தடவையும் ஊரைக் கூட்டிக்கொண்டு யார் கிளம்புவது?

இன்று பொறுக்க முடியவில்லை. அவனிடம் சொல்லாமல், மாட்டிவிட்டுப் போன பிரிட்டோவையே கூப்பிட்டாள்.

பிரிட்டோ சத்தத்தை அமர்த்தி வைத்துவிட்டு ஏணி போட்டு ஏறினான். இறங்கினான். சுவரிலிருந்த பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"பல்லியெல்லாம் இல்லக்கா. வாசல்ல, ஜன்னல்ல மாட்டுனது எல்லாமே ஆஃப்ல கெடக்கு. கூடத்துல ஆள் நடமாட்டம் பாக்குறது மட்டும்தான் ஓடுது."

"அதை யாருப்பா போட்டது?"

"சார்தான். போன்லேர்ந்து. தெனம் காலையில போடுறாரு, இதுலயே காட்டுது."

அவள் கொடுத்த காப்பியை அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்து முடித்தான்.

"ஆஃப் பண்ணிரவாக்கா?"

அவள் கூடத்துச் சுவரின் உச்சியில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"வேணாம் தம்பி. அப்படியே இருக்கட்டும்."

பிரிட்டோ ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மத்தியானம் மறுபடியும் அலறியது.

"அய்யோ, இந்த வீட்டுக்கு வேற வேலையே இல்லையா!" வளர்மதி ஜன்னலைச் சாத்திவிட்டு, சீரியலின் சத்தத்தைக் கூட்டினாள். உலகநாதன் தலையணையைக் காதின் மேல் போட்டுக்கொண்டார்.

அலறுகிற வீட்டுக்குள்ளே, டிவி பக்கத்தில் அவள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது.

ஒருத்தி புது ஜாக்கெட் போட்டால்கூட எங்கே, என்ன விசேஷம் என்று நாலு தலை நீளுகிற தெரு அது. தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டியோடு அவள் நடுத்தெருவில் நடந்தாள்.

ஒரு கதவும் திறக்கவில்லை.

தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் பஸ் வந்துவிட்டது.