பெத்தணன் தூக்க விடவில்லை

போன ஆடி மாசம் கோயிலில் பொங்கல் பானை பொங்கக் காத்திருந்த நேரத்தில், எம். புதுப்பட்டி கருப்பம்மாள் என்னிடம் சொன்னது இது.

"கருப்பம்மா, ஒம் புருசன் லாரியிலருந்து விழுந்துட்டாரு!"

உள்ளே அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் கையில் ஒட்டிய பசையோடு கம்பெனி வாசலுக்கு ஓடினாள். காலி அட்டைப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டிருந்த முத்துப்பாண்டி மல்லாக்கக் கிடந்தான். "முதுகு... முதுகு..." என்று முனகினான்.

தலைமாட்டில் மண்டி போட்டு, அவன் தலையை ரெண்டு கையாலும் ஆடாமல் பிடித்திருந்தார் வாட்ச்மேன் பெத்தணன்.

"ஏலே, என்னத்தப் பாக்கீக? தூக்கி என் கார்ல போடுங்கலே!" போர்மேன் ரத்தினசாமி கத்தினார்.

பட்டாசு ஊரில் ஒருத்தன் விழுந்தால் யாரும் யோசிப்பதில்லை. அடுத்தது வெடிக்குமுன் தூக்கிக்கொண்டு ஓடித்தான் பழக்கம். நாலு பேர் குனிந்தார்கள்.

"தொடாதீக!" பெத்தணன் சீறினார். "இங்கன தீயுமில்ல, வெடிமருந்துமில்ல. ஆம்புலன்ஸ் வரட்டும்."

"அது வர்றதுக்குள்ள உசுரு போயிரும்வே!"

"வரட்டும்."

"தண்ணியாச்சும் குடுக்கேன் அண்ணாச்சி..."

"வேண்டாம் தாயி."

கருப்பம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கல்லாம் சாமி கும்புடுற ஆளா? ஒங்க மனசு என்ன கல்லா?"

ஒருத்தன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை கிழிந்தது. தலையைப் பிடித்த கை விலகவில்லை.

ஆம்புலன்சுக்கு நாலு தடவை போன். "எந்தப் புதுப்பட்டி?" என்று நாலு தடவையும் அதே கேள்வி. வெயிலோ மண்டையைப் பிளந்தது. நாற்பது நிமிஷம் கழித்து வண்டி வந்தது. கழுத்துக்குப் பட்டை கட்டி, பலகையில் கிடத்தி ஏற்றினார்கள்.

மதுரையில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதுகெலும்பு உடைஞ்சிருக்கு. நரம்பு தப்பிச்சிருச்சு. கண்டபடி தூக்கியிருந்தா ரெண்டு காலும் போயிருக்கும்."

ஆபரேஷன் முடிந்து, புருஷன் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்ற அன்றைக்கே கருப்பம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பெத்தணன் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க.

உள்ளே, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாத ஒரு ஆளைப் படுக்கைப் புண் வராமலிருக்க ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார் அவர்.

"யாரு அண்ணாச்சி?"

"என் தம்பி. ஒம்பது வருசத்துக்கு முந்தி ஷெட்டுக் கூரையிலருந்து விழுந்தான். நாந்தான் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன்."

தம்பியின் முழங்காலுக்கிடையில் தலையணையைச் செருகினார்.

"அன்னைக்கு ஊரே என்னையக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு, தாயி."

கருப்பம்மாள் என்னிடம் கேட்டுக்கொண்டதையே உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். உயரத்திலிருந்து யாராவது விழுந்து கிடந்தால், பக்கத்தில் தீ இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை தூக்காதீங்க.